மீத்திறன் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால்: சேலம், ஏற்காடு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காடு மலையில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அரையாண்டில் கணக்குக்கு 61 மதிப்பெண். நோட்டைத் திறந்தால் அடித்தலும் திருத்தலும்தான். டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கும் சமயம் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க கண்ணு போன நாலு நாளா?"

"சாக்கு எடை போட்டேன் மிஸ்."

விசாரித்தபோதுதான் புரிந்தது. பழம் பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. எடை போடும்போது சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்துவிடுவார்கள். சாக்கு அவ்வளவு கனம் இருக்காதே என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒற்றைக் காலிச் சாக்கைத் தராசில் மாட்டினால் முள் சரியாகக் காட்டவில்லை. பத்துச் சாக்கைச் சுருட்டி ஒன்றாகக் கட்டி மாட்டியிருக்கிறாள். 7 கிலோ. "அப்ப ஒரு சாக்கு எழுநூறு கிராம்தான மிஸ்? மூட்டைக்கு முந்நூறு கிராம் எங்கம்மாவுக்கு நட்டமாப் போவுது. ஒரு நாளைக்கு ரெண்டு மூட்டை..." சீசன் முழுமைக்கும் கணக்குப் போட்டு, ரேஷன் கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

மேல்நிலை வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்யும்போது 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20-ஆல் வகுக்கச் சொல்வோம். ஒன்றை அளந்தால் வரும் பிழை பலவற்றைச் சேர்த்து அளந்தால் குறையும். பதினொரு வயதில், யாரும் சொல்லித் தராமல், அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறது இந்தக் குழந்தை. நானோ என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'சராசரி' என்று எழுதியிருந்தேன்.

நம் ஊர் அரசுப் பள்ளிகளில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு, தனிப் பாடத்திட்டம், தனி ஆசிரியர் எதுவும் கிடையாது. மாநில அரசும் மத்திய அரசும் வெவ்வேறு வகுப்புகளில் தேர்வுகள், உதவித்தொகைகள், உறைவிடப் பள்ளிகள், போட்டிகள் எனப் பலவற்றை வைத்திருக்கின்றன. இவை படிக்கட்டுகள் மாதிரி. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இடைவெளி பெரிது. அந்த இடங்களில் குழந்தையின் கையைப் பிடிக்க ஒரு பெரியவர் வேண்டும். அது அம்மாவாக இருக்கலாம், வகுப்பாசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் அக்காவாகவும் இருக்கலாம். அப்படி ஒருவராக இருக்க நினைப்பவர்களுக்காக, வகுப்பு வாரியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஐந்து, ஆறாம் வகுப்பில் கண்டுகொள்வது

முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைத்தான் நாம் மீத்திறன் என்று குறித்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளையும் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி எழுதும் திறமைக்கும், சொல்லாததை யோசிக்கும் திறமைக்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் மூன்று வளையங்கள் என்ற கருத்தை முன்வைத்தார். சராசரிக்கு மேலான திறன், புதிதாக யோசிக்கும் தன்மை, எடுத்த வேலையை விடாமல் பிடித்துச் செய்யும் ஊக்கம் ஆகிய மூன்றும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அங்கே பாருங்கள் என்றார். மூன்றாவது வளையம் மதிப்பெண் பட்டியலில் தெரியாது. சாக்கு எடையில் தெரியும்.

எனவே ஒரு 40 பக்க நோட்டுப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பிள்ளை கேட்ட கேள்வி, செய்த வேலை, எதில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். 'புத்திசாலி' என்று எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால் நீங்கள் எதிர்பார்க்காத பெயர்கள் மேலே வந்து நிற்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும் என் தோழி இப்படி எழுதியபோது, வீட்டில் கொலுசுக்கு வளையம் கோக்கும் ஒரு பையன் மேலே வந்தான். ஒரு அடிக்கு எத்தனை வளையம், அதற்கு எத்தனை கிராம் வெள்ளி, சேதாரம் எவ்வளவு என்பதெல்லாம் அவனுக்கு மனக்கணக்கு. வகுப்பில் பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் மட்டும் விழிப்பான்.

கையெழுத்து மோசமான பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காத மலைக்கிராமத்துப் பிள்ளை ஆகிய மூன்று பேரையும் தனியாகக் கவனியுங்கள். கற்றல் குறைபாடும் மீத்திறனும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே இருக்கக்கூடும். வாய்வழியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பழங்குடியினர் குடும்பம் என்றால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு ஏற்படுத்திய 'ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி'களில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். நம் மாவட்டத்தில் அபிநவத்தில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. மத்திய அரசின் இன்னொரு உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் இல்லை. அதற்கான விண்ணப்பம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: வகுப்புக்குள் என்ன கொடுப்பது

சீக்கிரம் முடித்துவிட்டாள் என்று அதே மாதிரிக் கணக்கு இன்னும் பத்துக் கொடுப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. குழந்தைக்கு அது தண்டனை. அடுத்த முறை மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வாள். பயிற்சியின் கடைசி இரண்டு கணக்கை முதலில் கொடுங்கள். சரியாகப் போட்டால் மீதியை விட்டுவிடலாம். மிச்சமாகும் நேரத்துக்கு உடனே விடை கிடைக்காத கேள்வி ஒன்று வேண்டும்.

நான் கொடுத்ததில் நன்றாக வேலை செய்தது கொதிநீர். ஏற்காட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது? பாடப்புத்தகத்தில் 100 என்று இருக்கிறது. ஆய்வக வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 95-ஐ ஒட்டி நின்றுவிடும். வெப்பமானி பழுது என்றுதான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். வேறு வெப்பமானி, வேறு பாத்திரம், வேறு தண்ணீர் என்று மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், "கீழ சேலத்துல வெச்சுப் பார்த்தா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். சாக்கு எடை போட்ட பெண்ணின் மாமா அப்போது சேலத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை அவள் வெப்பமானியைத் துணியில் சுற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் அளந்துவிட்டு வந்தாள். 99. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்பதை நான் சொல்லவே இல்லை. இரண்டு ஊரின் உயரத்தையும் கேட்டு வாங்கி அவளே கண்டுபிடித்தாள். தங்கள் வீட்டில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகாது என்று அவள் அம்மாவுக்கு விளக்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

செடிகொடிகளில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. சுற்றுலா மாதிரி சுற்றிக்காட்டிவிட்டு வராமல் ஒரே செடியை அரைமணி நேரம் வரையச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே மேடைகள் இருக்கின்றன. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டுகிறது. சோதனை செய்துகாட்டும் கருத்தாளர் வரும் நாளில் இந்தப் பிள்ளைகளை உதவியாளராகப் பக்கத்தில் நிறுத்துங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்துகிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் வரை இணையத்தில் பதிவேற்றலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்குக் குழந்தையின் வங்கிக் கணக்குக்கு ₹10,000 வரும். கடையில் வாங்கிய கருவியைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். மழைக்காலத்தில் மிளகு காய வைப்பதும், காப்பித் தோல் உரித்த கழிவுநீர் ஓடையில் கலப்பதும் நம் பிள்ளைகள் தினம் பார்க்கும் சங்கடங்கள். அவற்றுக்கான யோசனை அவர்களிடமே இருக்கும். கலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டிகள்.

மூன்றாம் படி: ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை விட்டுவிடாதீர்கள்

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, அதாவது எல்லோரும் என்.எம்.எம்.எஸ். என்று சொல்வது, நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் பெரிய கதவு. தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ₹12,000, நான்கு ஆண்டுகளில் ₹48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் ₹3,50,000-க்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமானது.

இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு பாடத்தை வெறுக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழாம் வகுப்பு ஜனவரியிலேயே மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, எந்தப் பாடம் கீழே இழுக்கிறது என்று கண்டு அதில் மட்டும் உட்காருங்கள்.

தேர்வில் இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் திறன் 90 கேள்வி, 90 நிமிடம். இரண்டாவதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே ஒரு வட்டத்தையும் காலியாக விடக்கூடாது. தாளுக்குத் தாள் 40 சதவீதம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 32 சதவீதம் என்பது குறைந்தபட்சத் தகுதி. இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது.

பயிற்சியை ஜூன் மாதமே தொடங்குங்கள். மலையில் இது கட்டாயம். தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பி அறுவடை. கடைசி மூன்று மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கீழே சேலத்தில் இருக்கும் பள்ளி நினைக்கலாம். மேலே அந்த மூன்று மாதம் வகுப்பே பாதி காலியாக இருக்கும். அக்டோபருக்குள் பாடம் முடிந்து, அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பழைய வினாத்தாள் மட்டும் போகும்படி நான் வைத்துக்கொண்டேன். மாலையில் விளக்கடியில் ஒரு தாள், மறுநாள் யார் வந்தாலும் சரி, அண்ணன் தம்பி கையில் அது பள்ளிக்குத் திரும்பி வரும்.

மனத்திறன் தாளில் எண் தொடர், எழுத்துத் தொடர், குறியீடு, திசை, உறவுமுறை, கண்ணாடி பிம்பம், வெண்படம் இவைதான் திரும்பத் திரும்ப வரும். விடை சொல்லித் தருவதோடு நிறுத்தாமல், வாரம் ஒருநாள் பிள்ளைகளையே கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள். மற்றவர்களை மாட்டவைக்கும் எண் தொடர் ஒன்றை உருவாக்கிய பிள்ளைக்கு எந்தத் தொடரும் பயமில்லை. விடைத்தாளில் வட்டம் நிரப்பும் பழக்கத்துக்கு நகல் எடுத்த தாள்கள் பத்தாவது வேண்டும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த வட்டத்தில் நிரப்பி, அதற்குப் பிறகு முப்பது விடையும் ஒரு வரி தள்ளிப் போன பையனை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: காகிதங்கள்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. சாக்கு எடை போட்ட பெண் தேர்வில் தேறினாள். பட்டியலில் அவள் எண்ணைப் பார்த்துவிட்டு இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பணம் வரவில்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து மட்டும், வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. அவள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். பள்ளியில் கேள் என்றார்கள். பள்ளிக்கு வந்தார். வங்கியில் கேளுங்கள் என்று சொன்னோம், நானும் அதில் ஒருத்தி. அப்படி ஐந்து நாள் கூலி போன பிறகுதான் மூன்று இடத்துப் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

ஆறாம் வகுப்பிலேயே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஆதார், எமிஸ் பதிவு (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு), வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்று இந்த நான்கிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திருத்த வேண்டியதை உடனே திருத்துங்கள். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில், ஆதார் இணைக்கப்பட்டு, அவ்வப்போது பணம் போட்டு எடுத்து உயிரோடு இருக்க வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகர்ந்து வர நாளாகும். சாதிச் சான்றைப் பொறுத்தவரை நம் மலையில் வாழும் மலையாளி என்ற பிரிவினர் உள்ளிட்ட பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் வழங்குவார். அதற்குக் கள விசாரணை உண்டு. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு போய் நின்றால் கிடைக்காது.

உதவித்தொகை கிடைத்ததோடு முடிந்துவிடாது. ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்க வேண்டும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 55. நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு மாறும் பிள்ளையைப் புதிய பள்ளியில் யாருக்கும் தெரியாது. அதனால் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து, உதவித்தொகை விவரம் எழுதிய ஒரு தாளையும் கொடுத்து அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: ஒன்பது முதல் பதினொன்று வரை

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஊரகப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். சேலம் மாநகராட்சி எல்லைக்குள் படிக்கும் பிள்ளை எழுத முடியாது, ஏற்காட்டுப் பிள்ளை எழுதலாம். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொகை ஆண்டுக்கு ₹1,000தான். தொகைக்காக இல்லாவிட்டாலும் எழுத வையுங்கள். மாவட்ட அளவில் போட்டியிட்ட அனுபவம் பிள்ளைக்குப் பிறகு உதவும்.

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு 2023-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களில் 500 மாணவர், 500 மாணவியரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு ₹10,000 தருகிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து கேள்விகள். எந்த வகுப்பில் எழுத வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கைவிடத் தமிழில் மனம் தோயும் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. 1,500 பேருக்கு, மாதம் ₹1,500 வீதம் இரண்டு ஆண்டுகள். பாதி இடங்கள் அரசுப் பள்ளிகளுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை வரி விடாமல் படித்த பிள்ளைக்குச் சாதகமான தேர்வு. மனப்பாடப் பகுதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இலக்கணக் கேள்விகளில் தடுமாறுகிறார்கள்.

தேசியத் திறனறித் தேர்வு, என்.டி.எஸ்.இ., 2021-க்குப் பிறகு நின்றுவிட்டது. அதற்கென்று இன்னும் விற்கும் புத்தகங்களை வாங்க வேண்டாம். கணக்கில் பைத்தியமாக இருக்கும் பிள்ளைக்கு ஐ.ஓ.க்யூ.எம். என்ற ஒலிம்பியாட் தகுதித் தேர்வு இருக்கிறது. 30 கேள்வி, 3 மணி நேரம், விடை எல்லாம் முழு எண்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது அபூர்வம். ஆங்கிலம் ஒரு காரணம், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதது பெரிய காரணம். பழைய தாளிலிருந்து வாரம் ஒரு கணக்கைத் தமிழில் எழுதிக் கரும்பலகை ஓரத்தில் போட்டுவையுங்கள். யார் இடைவேளையில் அதன் முன்னால் நிற்கிறார்கள் என்று தூரத்திலிருந்து பாருங்கள்.

ஆறாம் படி: மாதிரிப் பள்ளி, அதற்கப்பால்

மாவட்டத்துக்கு ஒன்றாக 38 மாவட்டங்களிலும் அரசு மாதிரிப் பள்ளிகள் இயங்குகின்றன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, தங்கிப் படிக்கலாம், கட்டணம் கிடையாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., சட்டப் பல்கலைக்கழகம், வடிவமைப்புக் கல்லூரி போன்றவற்றின் நுழைவுத் தேர்வுகளுக்கு அங்கே தயார் செய்கிறார்கள். 2025-இல் நம் மாவட்டத்துக் கல்வராயன் மலையில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். மலையில் அந்தச் செய்தியைக் கேட்ட பெற்றோர் பலர் ஐ.ஐ.டி. என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் எங்களிடம் கேட்டார்கள்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், மருத்துவத்துக்கான நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. எனவே தமிழ்வழிப் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலிருந்தே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழக்குங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். நல்ல மதிப்பெண் வாங்குகிறாள், இலவசமாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பத்தாம் வகுப்புக்குப் பிறகு தனியார் பள்ளியிலிருந்து ஆள் வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

இனி, மாதிரிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு. சேர்க்கை கிடைத்த பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான், அதிலும் தீபாவளி விடுமுறைக்கு வரும்போது. மலையில் பிறந்த பிள்ளைக்குச் சமவெளியின் வெயிலும் சத்தமும் தாங்காது. தன் பள்ளியில் முதலாவதாக இருந்தவள் அங்கே முப்பதாவதாக இருப்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று தொலைபேசியில் அழுவாள். அந்த அழுகையைக் கேட்டதும், "வந்துரு சாமி" என்று சொல்லிவிடும் அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்காட்டிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தால் காலையிலேயே போய்ச் சேரலாம். மதிப்பெண் எதையும் கேட்காதீர்கள். பழைய ஆசிரியர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. மாதிரிப் பள்ளியில் சேர்ந்திருந்த, சாக்கு எடை போட்ட அந்தப் பெண்ணைப் பார்க்க நாங்கள் போனபோது அவள் அம்மா ஒரு டப்பாவில் மிளகு ரசப்பொடியும், தோட்டத்து ஆரஞ்சு நான்கும், அந்தப் பழைய ரேஷன் ரசீதையும் கொண்டு வந்திருந்தார். ரசீதை அவள் தன் இயற்பியல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள், விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலைப் பேருந்தில் திரும்பிப் போனாள்.